மின்சாரம் நின்றால் கோப்பு என்ன ஆகும்?

லினக்ஸ் நிறுவும்போது எழும் ஒரு கேள்வி

வீட்டில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கிறது. ஆமை வேகத்தில் நகர்கிறது. அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறீர்கள். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலைப் பென்டிரைவில் ஏற்றிக் கணிப்பொறியை அதிலிருந்து தொடங்குகிறீர்கள். (சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.) நிறுவும் நிரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது. எந்த மொழி? எந்த நாடு? என்ன கடவுச்சொல்? தயங்காமல் விடை சொல்லிக்கொண்டே வருகிறீர்கள். பிறகு வட்டைப் பிரிக்கும் கட்டம் வருகிறது. 'நானே பிரித்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் உங்கள் முன் ஒரு பட்டியல் நீளுகிறது: எக்ஸ்ட்4, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்2, பட்டர்எஃப்எஸ், ஜேஎஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ், ஃபேட்16, ஃபேட்32.

இவை என்ன? இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலோர் முதலில் காட்டப்படும் பெயரையே ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுவார்கள். அதனால் கேடு ஒன்றும் வந்துவிடாது. ஆயினும், இப்பட்டியலில் உள்ள பெயர்களில் பல, ஒரே கேள்விக்கு வெவ்வேறு பொறியாளர்கள் கண்ட வெவ்வேறு விடைகள் ஆகும். நீங்கள் ஒரு கோப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே அக்கேள்வி. மின்வெட்டு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே விடைகளைப் பார்ப்போம்.

எண் மட்டுமே அறிந்த வட்டு

ஒரு கோப்புக்கு 'என் கட்டுரை' என்று பெயரிட்டுச் சேமிக்கிறீர்கள். ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குக் கட்டுரையும் தெரியாது, அதன் பெயரும் தெரியாது. 'இத்தனையாம் கட்டத்தில் இதை எழுது', 'இத்தனையாம் கட்டத்தில் உள்ளதைப் படித்துக் கொடு' என்னும் இரண்டு ஆணைகள்தாம் அடிப்படையில் அதற்குத் தெரியும். எஸ்.எஸ்.டி.யும் இவ்வகையில் அப்படியே.

லினக்ஸில் ஒரு கட்டத்தின் அளவு வழக்கமாக 4096 பைட்டுகள். 500 ஜி.பி. வட்டு என்றால் 50,000 கோடி பைட்டுகள். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 12 கோடியே 20 லட்சம் கட்டங்கள் வரும். பெயர்ப்பலகை ஏதும் இல்லாமல், எண் மட்டும் ஒட்டிய 12 கோடி அறைகள் கொண்ட ஒரு மாபெரும் நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நூலகர் பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பதிவேடுகளும், அவற்றை எழுதும் விதிகளும் சேர்ந்ததே 'கோப்பு முறைமை'.

எக்ஸ்ட் குடும்பத்தில் முக்கியமான பதிவேடுகள் மூன்று. முதலாவது, காலி அறைப் பட்டியல். ஓர் அறைக்கு ஒரு பிட்: 0 என்றால் காலி, 1 என்றால் நிரம்பியது. ஒரு கட்டத்திற்குள் 4096 பைட்டுகள், அதாவது 32,768 பிட்டுகள் அடங்கும். ஆகவே ஒரே கட்டத்தில் எழுதிய பட்டியல் 32,768 அறைகளைக் காத்துக்கொள்ளும். எக்ஸ்ட்4 வட்டு முழுவதையும் இப்படி 32,768 அறைகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்துவிடுகிறது. மொத்த வட்டுக்கும் பட்டியல் போட ஏறத்தாழ 15 எம்.பி. போதும்.

இரண்டாவது, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அட்டை. இதற்கு 'ஐநோடு' என்று பெயர். கோப்பின் நீளம் என்ன, உரியவர் யார், யார் யார் படிக்கலாம், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எந்த எந்த அறைகளில் இருக்கிறது என்னும் விவரங்கள் எல்லாம் இதில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கோப்பின் பெயர் மட்டும் இதில் இருக்காது. பெயரும் அட்டை எண்ணும் மூன்றாவது பதிவேடான பெயர்ப் பட்டியலில் உள்ளன. நாம் 'ஃபோல்டர்' என்கிறோமே, அது உண்மையில் இந்தப் பெயர்ப் பட்டியல்தான். ஒரே அட்டைக்கு இரண்டு பெயர்கள் கொடுத்தால் ஒரே கோப்பு இரண்டு இடங்களில் தென்படும்!

எக்ஸ்ட்4 இந்த அட்டைகளை வட்டைத் தயார்செய்யும் நாளிலேயே எண்ணி வைத்துவிடுகிறது. வழக்கமான கணக்கு 16,384 பைட்டுகளுக்கு ஓர் அட்டை. நம் 500 ஜி.பி. வட்டில் சுமார் 3 கோடி அட்டைகள் இருக்கும். சின்னஞ்சிறு கோப்புகளாகவே எழுதி அட்டைகளைத் தீர்த்துவிட்டால், அறைகள் காலியாக இருந்தும் புதிய கோப்பு ஒன்றைக்கூட உருவாக்க முடியாது. வீடுகளில் இது நேர்வது அரிது. எக்ஸ்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ் இரண்டும் அட்டையைத் தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்வதால் அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

பாதியில் நின்ற வேலை

இப்போது உங்கள் கட்டுரையில் இன்னொரு பக்கம் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு முறைமை மூன்று இடங்களில் எழுத வேண்டும். காலி அறை ஒன்றில் புதிய பக்கத்தை எழுத வேண்டும். அட்டையில் அந்த அறையின் எண்ணைச் சேர்க்க வேண்டும். காலி அறைப் பட்டியலில் அந்த அறைக்கு நேரே 1 போட வேண்டும். மூன்றும் வட்டின் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே சமயத்தில் எழுத வட்டுக்கு வழியில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத வேண்டும். இடையே மின்சாரம் நின்றால்?

புதிய பக்கம் மட்டும் எழுதப்பட்டிருந்தால் பெரிய தீங்கில்லை. அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. பழைய கட்டுரை பழையபடியே இருக்கும். காலிப் பட்டியலில் மட்டும் 1 விழுந்திருந்தால், யாருக்கும் பயன்படாமல் ஓர் அறை பூட்டிக்கிடக்கும். அட்டையில் மட்டும் எழுதியிருந்தால்தான் ஆபத்து. அட்டை ஓர் அறையைக் காட்டுகிறது. அந்த அறையிலோ என்றோ அழிக்கப்பட்ட வேறு ஏதோ ஒரு கோப்பின் மிச்சம் இருக்கிறது. உங்கள் கட்டுரையின் நடுவே அண்ணனின் பழைய கடிதம் முளைக்கும்! அதோடு போகாது. காலிப் பட்டியல் அந்த அறையை இன்னும் 'காலி' என்றே சொல்லிக்கொண்டிருப்பதால், நாளை வேறொரு கோப்புக்கும் அதே அறை ஒதுக்கப்படும். இரண்டு கோப்புகள் ஓர் அறைக்கு உரிமை கொண்டாடி ஒன்றை ஒன்று அழிக்கத் தொடங்கும்.

இதை நீங்கள் வகுப்பிலேயே விளையாடிப் பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்துப் பக்கங்களுக்கு எண்ணிடுங்கள். முதல் பக்கம் காலிப் பட்டியல், இரண்டாம் பக்கம் அட்டைகள், மூன்றாம் பக்கம் பெயர்கள், மற்றவை அறைகள். ஒருவர் பென்சிலால் கோப்புகளை எழுதட்டும். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு திடீரென்று 'கரண்ட் போச்சு!' என்று கத்தட்டும். உடனே பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். இதுவரை வெளியே நின்ற மூன்றாமவர் உள்ளே வந்து, நோட்டை மட்டும் பார்த்து, எங்கே பிழை என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். யாரிடமும் கேட்கக்கூடாது. கணிப்பொறி மறுபடி இயங்கும்போது அது இந்த மூன்றாமவரின் நிலையில்தான் இருக்கிறது.

'அம்மா' அடங்காத கோப்பு முறைமை

லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 1991-இல் லினக்ஸை எழுதினார். அப்போது அவர் புதிதாகக் கோப்பு முறைமை ஒன்றைப் படைக்கவில்லை. பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக உருவாக்கிய 'மினிக்ஸ்' அமைப்பின் கோப்பு முறைமையையே எடுத்துக்கொண்டார். பாடத்திற்கு ஏற்ற எளிமை அதில் இருந்தது. ஆனால் 64 எம்.பி.க்கு மேல் அது தாங்காது. கோப்பின் பெயரும் 14 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது.

இந்த 14 பைட்டு எவ்வளவு குறுகியது என்பது தமிழில் பார்த்தால் நன்றாகப் புரியும். இன்று வழக்கிலுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும். 'அம்மா' என்னும் சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள்! 'அம்மா' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட அந்த முறைமையில் இடம் இருந்திராது. இன்றைய எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ் மூன்றிலும் பெயரின் எல்லை 255 பைட்டுகள். ஆங்கிலத்தில் 255 எழுத்துகள் எழுதலாம். தமிழில் 85 குறிகள் மட்டும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதை மறந்துவிடாதீர்கள். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறைமை பைட்டாக எண்ணாமல் குறியாக எண்ணுவதால் அங்கே தமிழில் 255 குறிகள் வரை செல்லும். ஆகவே விண்டோஸில் நீளமான தமிழ்ப் பெயர் வைத்த கோப்பு, லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று மறுக்கப்பட்டால் திகைக்க வேண்டாம்.

1992-இல் ரெமி கார்டு என்பவர் லினக்ஸுக்கென்றே 'எக்ஸ்ட்' என்னும் கோப்பு முறைமையை அமைத்தார். 1993-இல் அதைவிடச் சிறந்த எக்ஸ்ட்2 வந்தது. அது விரைவானது, உறுதியானது. பல ஆண்டுகள் லினக்ஸின் முதுகெலும்பாக இருந்தது. ஆனால் மின்வெட்டுக்கு அது கண்ட விடை, நம் விளையாட்டின் மூன்றாமவர் செய்வதேதான். மின்சாரம் திடீரென்று நின்று திரும்பினால், ஒரு சரிபார்ப்பு நிரல் வட்டின் பதிவேடுகள் முழுவதையும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒப்பிட்டுப் பார்க்கும். சிறிய வட்டில் இது சில நிமிட வேலை. வட்டுகள் பெருக்கப் பெருக்க மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஒரே ஓர் அறையில் நேர்ந்த பிழைக்காக நூலகம் முழுவதையும் தணிக்கை செய்வது போன்றது இது.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் படிக்கும் அக்காவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கடையில் ஒரு விற்பனை நடந்ததும் அதை நேரே பேரேட்டில் எழுத மாட்டார்கள். நடந்த வரிசைப்படியே முதலில் குறிப்பேட்டில் பதிந்து, அதன் பிறகே பேரேட்டின் உரிய கணக்குகளுக்கு எடுத்து எழுதுவார்கள். எக்ஸ்ட்3 செய்ததும் இதுவே. ஸ்டீஃபன் ட்வீடி உருவாக்கிய இந்த முறைமை 2001 நவம்பரில் லினக்ஸின் கருவோடு சேர்ந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? வட்டில் ஒரு சிறு பகுதி குறிப்பேடாக ஒதுக்கப்படுகிறது. பதிவேடுகளைத் தொடுவதற்கு முன் 'அட்டையில் இதை எழுதப்போகிறேன், காலிப் பட்டியலில் இதை மாற்றப்போகிறேன்' என்று குறிப்பேட்டில் எழுதி, கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு முத்திரை இடப்படுகிறது. அதன் பிறகே உண்மையான பதிவேடுகளில் கை வைக்கப்படும். மின்சாரம் நின்று திரும்பினால் குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும். முத்திரை இருந்தால் அந்த வேலையை மறுபடி முழுவதும் செய்துவிட வேண்டியது. முத்திரை இல்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று விட்டுவிட வேண்டியது. மணிக்கணக்கில் ஆன வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தைக் குறிப்பேடாக வைத்துக்கொண்டு மறுபடி விளையாடிப் பாருங்கள். மூன்றாமவரின் வேலை எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பது தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறிப்பேட்டில் வழக்கமாக எழுதப்படுவது பதிவேடுகளின் மாற்றம் மட்டுமே. உங்கள் கட்டுரையின் வாசகம் அதில் எழுதப்படுவதில்லை. எல்லாவற்றையும் இருமுறை எழுதினால் வேகம் குறைந்துவிடும் அல்லவா? அதற்குப் பதிலாக எக்ஸ்ட்3 ஒரு வரிசையைக் கடைப்பிடித்தது. முதலில் வாசகம் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். பிறகே அட்டையைப் பற்றிய குறிப்பில் முத்திரை விழும். இதனால் அண்ணன் கடிதம் உங்கள் கட்டுரைக்குள் புகாது. ஐந்து நொடிகளுக்கு ஒருமுறை முத்திரை விழுந்துகொண்டே இருந்ததால், மின்சாரம் போனால் கடைசி ஐந்து நொடி வேலைதான் போகும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

2009-இல் வந்த வெற்றுக் கோப்புகள்

எக்ஸ்ட்4 முறைமை 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28 பதிப்பில் 'பயன்பாட்டுக்குத் தயார்' என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே, உபுண்டு 9.04 பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து புகார்கள் வந்தன. கணிப்பொறி திடீரென்று நின்றுபோய் மறுபடி இயங்கியபோது, சற்று முன் எழுதிய கோப்புகள் எல்லாம் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன, ஆனால் நீளம் 0 பைட்டு! திரையின் அமைப்புகளைக் குறித்து வைத்திருந்த கோப்புகள் பல இப்படி வெறுமையாகிவிட்டன.

குறிப்பேடு இருந்தும் இது எப்படி நேர்ந்தது? எக்ஸ்ட்4 வேகத்திற்காக ஒரு புதிய உத்தியைக் கையாண்டது. நீங்கள் சேமித்ததும் அது உடனே அறை ஒதுக்குவதில்லை. 'இன்னும் எழுதுவார்கள் போலும், மொத்தமாகப் பார்த்து அடுத்தடுத்த அறைகளாக ஒதுக்கலாம்' என்று வாசகத்தை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கல்யாணப் பந்தியில் வந்தவரை வந்தவரை உட்காரவைக்காமல், குடும்பம் முழுவதும் வந்த பிறகு ஒரே வரிசையில் உட்காரவைப்பது போல! கோப்பு சிதறாமல் இருக்கும்; வேகம் கூடும். ஆனால் ஐந்து நொடியாக இருந்த இடைவெளி அரை நிமிடத்திற்கும் மேலாக நீண்டுவிட்டது.

இதோடு நிரல் எழுதுவோரின் பழக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பல நிரல்கள் ஒரு கோப்பைத் திருத்தும்போது முதலில் அதை வெறுமையாக்கிவிட்டுப் பிறகு புதிய வாசகத்தை எழுதின. வெறுமையாக்கியது பதிவேட்டு மாற்றம். குறிப்பேட்டில் ஏறி முத்திரையும் விழுந்துவிட்டது. புதிய வாசகமோ இன்னும் நினைவகத்தில் காத்திருந்தது. அந்த இடைவெளியில் கணிப்பொறி நின்றது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை! வேறு சில நிரல்கள் புதுக் கோப்பில் எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றிக்கொண்டன. இது நல்ல முறைதான். ஆனாலும் பெயர் மாறியது முதலில் பதிவாகி, வாசகம் பிறகு வருவதற்குள் நின்றால் கதி அதுவே.

எக்ஸ்ட்4-ஐப் பேணிவந்த தியடோர் சோ, நெறிமுறை எதையும் எக்ஸ்ட்4 மீறவில்லை என்று விளக்கினார். வாசகம் வட்டில் ஏறியே ஆக வேண்டும் என்றால் நிரல் 'எஃப்சிங்க்' என்னும் ஆணையைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு எந்த உறுதியும் தரப்படவில்லை. அவர் சொன்னது விதிப்படி சரியே. ஆனால் நிரல் எழுதியவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. எக்ஸ்ட்3-இல் அந்த ஆணையைக் கொடுத்தால், கேட்ட கோப்போடு காத்திருக்கும் மற்றவற்றையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் திரும்பும். 2008-இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி இந்த ஆணையை அடிக்கடி கொடுத்ததால் லினக்ஸில் அவ்வப்போது விறைத்து நின்றது. சூடுகண்ட பூனைகள் அந்த ஆணையின் பக்கமே போகாமல் இருந்ததில் வியப்பு என்ன?

முடிவில் சோ தாமே இறங்கிவந்தார். மேலே சொன்ன இரண்டு பழக்கங்களையும் அடையாளம் கண்டு, அப்போது மட்டும் காத்திராமல் வாசகத்தை உடனே எழுதும்படி எக்ஸ்ட்4-ஐத் திருத்தினார். 2009 ஜூனில் வந்த 2.6.30 பதிப்பில் இது சேர்ந்தது. இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்ட்4 இந்தத் திருத்தத்தைப் பெற்றது. ஆனாலும், சேமித்தவுடன் பென்டிரைவைப் பிடுங்கக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். திரையில் 'முடிந்தது' என்று வந்தாலும் வாசகம் இன்னும் நினைவகத்தில் காத்திருக்கக்கூடும்.

அழித்து எழுதாத முறைமை

குறிப்பேட்டு முறையில், பழையதன் மேலேயே புதியது எழுதப்படுகிறது. எழுதும்போதுதானே ஆபத்து? மேலே எழுதாமலே இருந்துவிட்டால்? இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததுதான் பட்டர்எஃப்எஸ். கிறிஸ் மேசன் 2007-இல் ஆரக்கிள் நிறுவனத்தில் இதைத் தொடங்கினார். 2009-இல் லினக்ஸின் கருவில் சேர்ந்தது.

இங்கே எதையும் அழித்து எழுதுவதில்லை. ஒரு பக்கத்தைத் திருத்தினால் திருத்திய பக்கம் வேறொரு காலி அறைக்குப் போகிறது. அதைக் காட்டும் அட்டையும் புதிதாக வேறிடத்தில் எழுதப்படுகிறது. அட்டையைக் காட்டும் பட்டியலும் அப்படியே. எல்லாம் எழுதி முடித்த பிறகு, உச்சியில் உள்ள ஒரே ஒரு சுட்டி பழைய மரத்திலிருந்து புதிய மரத்தின் பக்கம் திருப்பப்படுகிறது. சுட்டி திரும்புவதற்கு முன் மின்சாரம் நின்றால் பழையது முழுமையாக இருக்கும். பின் நின்றால் புதியது முழுமையாக இருக்கும். இரண்டுங்கெட்டான் நிலை இல்லை.

இதிலிருந்து ஒரு நல்ல பயனும் கிடைத்தது. பழைய மரத்தை உடனே வெட்டாமல் வைத்துக்கொண்டால், நேற்று வட்டு இருந்த நிலை அப்படியே ஒரு நிழற்படமாகக் கிடைக்கும். ஓபன்சூசே வழங்கலில், மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் இத்தகைய படம் எடுக்கப்படுகிறது. புதுப்பித்தது சரியில்லை என்றால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். ஓபன்சூசே 2014-இலும், ஃபெடோராவின் மேசைக் கணிப்பொறிப் பதிப்புகள் 2020-இலும் பட்டர்எஃப்எஸ்-ஐயே இயல்பான தேர்வாக ஏற்றுக்கொண்டன.

இன்னொரு சிறப்பு, சரிபார்ப்பு எண். மளிகைக் கடைச் சீட்டில் ஒரு வரியின் விலை மழையில் கரைந்து மாறிவிட்டால், அடியில் உள்ள கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அதைப் போல ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணக்கு எண்ணை இது தனியே எழுதி வைக்கிறது. வட்டு முதுமையடைந்து ஒரு பிட் புரண்டுவிட்டாலும் படிக்கும்போதே 'இது கெட்டுவிட்டது' என்று சொல்லும். எக்ஸ்ட்4 தன் பதிவேடுகளுக்கு மட்டும் இத்தகைய எண் வைத்துக்கொள்கிறது. உங்கள் புகைப்படத்தில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. ஆனால் கெட்டது என்று அறிவது வேறு, திருத்துவது வேறு. ஒரே வட்டு மட்டும் இருந்தால் பட்டர்எஃப்எஸ்-ஆல் உங்கள் புகைப்படம் கெட்டதைச் சொல்லத்தான் முடியும். இரண்டு வட்டுகளில் பிரதி வைத்தால் நல்ல பிரதியைக் கொண்டு கெட்டதைச் சரிசெய்துகொள்ளும்.

குறைகளும் உண்டு. ஒரே கோப்பின் நடுவே ஓயாமல் திருத்தம் செய்யும் தரவுத்தளம் போன்றவை, அழித்து எழுதாத இந்த முறையில் துண்டு துண்டாகச் சிதறி மெதுவாகிவிடும். ரெட்ஹாட் நிறுவனம் தன் 8-ஆம் பதிப்பில் (2019) பட்டர்எஃப்எஸ்-ஐ நீக்கியே விட்டது. ஒரே பொருளை ஃபெடோரா ஏற்க, அதன் உறவான ரெட்ஹாட் விலக்கியதைப் பார்த்தால், அறிஞர்களும் இதில் ஒருமனப்படவில்லை என்பது புரியும்.

ரெட்ஹாட்டின் விருப்பம் எக்ஸ்எஃப்எஸ். 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து அதுவே அதன் இயல்பான தேர்வு. சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்னும் நிறுவனம் 1994-இல் தன் கணிப்பொறிகளுக்காக வெளியிட்டது இது. 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தின் டைனோசர்களை உருவாக்க உதவியவை அந்நிறுவனத்தின் கணிப்பொறிகளே. பெருங்கோப்புகளைக் கையாள இது வல்லது. இதைப் பெருக்கலாம், எக்ஸ்ட்4-ஐப் போல நினைத்தபோது சுருக்கிக்கொள்ள முடியாது.

இனித் தேர்ந்தெடுப்போம்

முதன்முறையாக லினக்ஸ் நிறுவுகிறீர்கள், வட்டு ஒன்றுதான் என்றால் என் பரிந்துரை எக்ஸ்ட்4. நீண்ட காலம் அடிபட்டுத் தேறியது. பழுதுபார்க்கும் கருவிகள் நிறைய. இடம் போதவில்லை என்றால் சுருக்கவும் பெருக்கவும் முடியும். அடிக்கடி புதுப்பித்து, கெடுத்து, மீட்டுப் பழகும் ஆர்வம் இருந்தால் பட்டர்எஃப்எஸ் உங்களுக்குப் பிடிக்கும். ஃபெடோராவோ ஓபன்சூசேயோ நிறுவினால் அவர்கள் காட்டுவதையே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 இரண்டையும் புதிய வட்டுக்குத் தேர்ந்தெடுக்க இன்று காரணமில்லை. ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த ரெய்சர்எஃப்எஸ் இப்பட்டியலில் இல்லையே என்று பெரியவர்கள் யாரேனும் கேட்டால், பேணுவார் இல்லாமல் போய் 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் அது லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள்.

விண்டோஸும் அதே கணிப்பொறியில் இருக்கிறதா? அப்படியானால் வட்டின் தொடக்கத்தில் சிறிய ஃபேட்32 பகுதி ஒன்று இருக்கக்கூடும். கணிப்பொறி விழித்தெழுவதற்கு வேண்டிய நிரல்கள் அதில் உள்ளன. அதை லினக்ஸும் பகிர்ந்துகொள்ளும்; மறந்தும் அதை ஃபார்மேட் செய்துவிடக்கூடாது. விண்டோஸை முழுமையாக அணைக்காமல் அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வந்தால், அதன் பகுதியில் எழுத லினக்ஸ் மறுக்கும், மறுப்பது நன்மைக்கே. ஃபேட்32-இல் லினக்ஸையே நிறுவ முடியுமா என்றால் முடியாது. கோப்புக்கு உரியவர் யார், யார் படிக்கலாம் என்று எழுதி வைக்க அதன் அட்டையில் இடமே இல்லை. பென்டிரைவுக்கு அது போதும். ஆனால் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. அதற்கு மேற்பட்ட திரைப்படத்தை ஏற்ற வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் நல்லது. இரண்டு அமைப்புகளும் படிக்கும்.

எக்ஸ்ட்4-ஐத் தேர்ந்தெடுத்தபின் 500 ஜி.பி. வட்டில் 25 ஜி.பி. எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். நூற்றுக்கு 5 பங்கு, நிர்வாகியின் அவசரத் தேவைக்கென்று வழக்கமாக ஒதுக்கப்படுகிறது. வட்டு நிரம்பி வழியும் நாளில் அமைப்பு மூச்சுத் திணறாமல் இருக்க இந்த ஏற்பாடு. பெரிய வட்டுக்கு இது அதிகம்தான், பின்னால் குறைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடும் சுட்டியும் மின்வெட்டிலிருந்து காக்கும். வட்டே எரிந்துபோனால் எந்த முறைமையும் காக்காது. நிழற்படமும் அதே வட்டில்தான் இருக்கிறது. அக்காவின் திருமணப் படங்களும் உங்கள் செயல்திட்ட அறிக்கையும் வேறொரு வட்டிலும் இருக்கட்டும். நிறுவும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்ததும் டெபியன் நிரல், 'மாற்றங்களை வட்டில் எழுதலாமா?' என்று கேட்கும். அதுவரை நீங்கள் செய்தவை யாவும் காகிதத் திட்டமே, வட்டு தொடப்படவில்லை. அந்தத் திரையில் 'இல்லை' என்னும் விடையே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். பகுதியின் அளவையும் பெயரையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு 'ஆம்' என்று மாற்றுங்கள். 12 கோடி அறைகள் கொண்ட ஹார்டு டிஸ்க் சில நொடிகளிலேயே தயாராகிவிடும். அறைகளை அது துடைப்பதில்லை. வெற்றுப் பதிவேடுகளைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான்.